சாமான் சீட்டும் சாலையோர வண்டியும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

சமூக அறிவியல் வகுப்பில் ஒரு நாள் எங்கள் சிஸ்டர் புதுமையான வீட்டுப்பாடம் ஒன்று கொடுத்தார். “நேற்று உங்கள் வீட்டுக்கு வந்த பொருள்களுள் ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது கடையிலிருந்து வீடு வந்து சேர்ந்த கதையை எழுதி வாருங்கள்” என்றார். நான் துவரம் பருப்பைப் பற்றி எழுதினேன். அது என் தந்தையாரின் மொபெட்டில் வந்தது. ஆனால் அவர் கடைக்குள் செல்லவில்லை. வண்டியை விட்டு இறங்கவுமில்லை. காலை ஷிப்டு முடியும் நேரத்தில் அம்மா மளிகைக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் சீட்டை அனுப்பிவிட்டார். கடை வாசலில் ஒரு காலை ஊன்றி நின்ற அப்பாவிடம் கடை ஊழியர் பையை நீட்டினார். அப்பா அதை முன்னால் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். இதைப் படித்த சிஸ்டர் சிரித்துவிட்டு, “இன்று உலகமெங்கும் பெரிய கடைகள் இந்த வியாபாரத்தைத்தான் பெரிதாகச் செய்கின்றன. இதையே விரிவாக எழுது” என்றார். அதன் விளைவே இக்கட்டுரை.

முதலில், நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று கூறிவிடுகிறேன். வேண்டிய பொருள்களை முன்னரே சொல்லிவைத்து, குறித்த நேரத்தில் வண்டியில் வந்து, கடைக்குள் நுழையாமல், சாலையோரத்திலேயே பெற்றுக்கொண்டு செல்லும் முறை இது. அமெரிக்காவில் இதைக் ‘கர்ப்சைடு பிக்கப்’ என்கின்றனர். கர்ப் என்றால் நடைபாதையின் ஓரக்கல். எங்கள் தெருவில் ஓரக்கல் கிடையாது, சாக்கடை மூடிதான் உண்டு. ஆகையால் நான் இதைச் ‘சொல்லிவைத்து வாங்குதல்’ என்றே குறிப்பிடப் போகிறேன். நம் வீடுகளில் பாலும் பூவும் இட்லி மாவும் இன்றும் அப்படிச் சொல்லிவைத்துத்தானே வாங்கப்படுகின்றன!

தோழியரே, இம்முறை நேற்று முளைத்ததன்று. என் பாட்டி இளம்பெண்ணாக இருந்த காலத்தில் மளிகைக் கடை எப்படி இருந்தது என்று கேட்டேன். கடைக்கு முன்னால் ஒரு மரப்பலகை குறுக்கே இருக்கும். வாங்குபவர் பலகைக்கு இப்பால் நிற்க வேண்டும். சீட்டைக் கொடுத்தால் கடைக்காரரே மூட்டைகளிலிருந்து அள்ளி, தராசில் நிறுத்து, செய்தித்தாளில் பொட்டலம் கட்டிச் சணல் சுற்றித் தருவார். சில வீடுகளில் காலையில் சீட்டைக் கொடுத்துவிட்டு, மாலையில் ஆளை அனுப்பிச் சாமான்களை எடுத்துவரச் சொல்வார்களாம். பருப்பில் கல் இருந்தால் மறுநாள் கடைக்காரரிடம் சண்டை. சண்டை போட்டாலும் அடுத்த மாதம் அதே கடைக்குத்தான் சீட்டுப் போகும். ஏனெனில் பற்று வரவு நோட்டு அங்கேதான் இருந்தது.

வாங்குபவர் தாமே கடைக்குள் புகுந்து, தாமே எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்ளும் முறை பிறகு வந்தது. 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் ‘பிக்லி விக்லி’ என்னும் வேடிக்கையான பெயரில் ஒரு கடை திறந்தார். பொருள்களின் மேல் விலை எழுதப்பட்டிருந்தது. வாங்குபவர் வரிசையாக நடந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, வெளியேறும் இடத்தில் பணம் கட்டினார். இன்று ஓசூரில் நாம் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கும் கடைகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பொருளைத் தேடுவதும் எடுப்பதும் அதுவரை கடை ஊழியரின் வேலைகள். அவற்றை வாங்குபவர் கூலியின்றிச் செய்யத் தொடங்கினார். ஊழியர் குறைந்ததனால் கடைக்காரருக்குச் செலவு குறைந்தது, விலையும் குறைந்தது. நமக்கோ ‘நாமே பார்த்து எடுத்தோம்’ என்ற மனநிறைவு கிடைத்தது.

கடையில் நடக்கும் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் எல்லாம் தெளிவாகிவிடும். ஒன்று எடுத்துக் கட்டுவது. மற்றொன்று வீடு வரை சுமப்பது. தள்ளுவண்டிக் கடையில் இரண்டையும் வாங்குபவரே செய்கிறார். வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து தரும் கடையில் இரண்டையும் கடையே செய்கிறது. சொல்லிவைத்து வாங்கும்போது எடுத்துக் கட்டுவது கடையின் பொறுப்பு, சுமப்பது நம் பொறுப்பு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் ஆளையும் வண்டியையும் அனுப்பும் செலவு கடைக்கு மிச்சமாகிறது. நமக்குக் கடைக்குள் அலையும் நேரம் மிச்சமாகிறது. இவ்வியாபாரம் வளர்ந்ததற்குக் காரணம் இந்தப் பங்கீடுதான் என்று நான் கருதுகிறேன்.

பிரான்சு நாட்டில் ‘ஓஷான்’ என்னும் பெருங்கடை நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே இதற்கெனத் தனி இடம் அமைத்தது. இணையத்தில் சொல்லிவைத்துவிட்டுக் காரில் வந்தால் சாமான்கள் காரின் பின்புறப் பெட்டியில் ஏற்றப்படும். அமெரிக்காவில் வால்மார்ட், டார்கெட் முதலிய நிறுவனங்கள் 2010களில் இம்முறையைத் தொடங்கிப் பரப்பின. அதன் பின்னர் 2020ஆம் ஆண்டு வந்தது. கொரோனா நோய்க்கு அஞ்சிக் கடைக்குள் நுழையவே மக்கள் தயங்கிய அந்நாளில், வசதிக்காக ஏற்பட்ட முறை பாதுகாப்புக்கான முறையாக மாறிற்று. அந்த ஓராண்டில் அது கண்ட வளர்ச்சி அதற்கு முந்திய பல ஆண்டுகளில் காணாதது.

அதே 2020இல் நம் தமிழகத்தில் நடந்ததையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மார்ச்சு 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. நான் அப்போது தொடக்கப் பள்ளி மாணவி. ஏப்ரல் மாதத்தில் அரிசி அட்டைதாரர்களுக்கு 1000 ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் வழங்கப்பட்டன. கூட்டம் சேராமல் இருப்பதற்காக வீடு வீடாக டோக்கன் கொடுத்தார்கள். அதில் நாளும் நேரமும் குறிக்கப்பட்டிருந்தன. கடை முன்னால் சுண்ணாம்பு வட்டங்கள். அம்மா எங்கள் டோக்கனைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. வெளிநாட்டுக் கடைகளில் இன்ன மணிக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று கைப்பேசியில் நேரம் ஒதுக்கித் தருகிறார்களே, அதற்கும் நம் நியாயவிலைக் கடை டோக்கனுக்கும் என்ன வேறுபாடு? அவர்களுடையது கைப்பேசியில் வருகிறது. நம்முடையது ரேஷன் கடை ஊழியர் கையில் வந்தது. நேரத்தைப் பிரித்துக் கொடுத்தால் வரிசை குறையும் என்னும் கணக்கு ஒன்றே.

இனி நம் ஊருக்கு வருவோம். ஓசூரில் இவ்வியாபாரம் எளிதில் வேரூன்றியதற்கு இவ்வூரின் அமைப்பே காரணம். சிப்காட் தொழிற்பேட்டை 1970களில் இங்கு எழுந்தது. டி.வி.எஸ். 50 மொபெட் 1980இல் இங்கிருந்துதான் வெளிவந்தது. அசோக் லேலண்டின் லாரிகளும் டைட்டன் கைக்கடிகாரங்களும் பின்னர் இவ்வூரின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றன. 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. தொழிற்சாலை என்றால் ஷிப்டு. ஷிப்டு என்றால், ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் வெளியே வருவர். எல்லாருக்கும் பசி, எல்லாருக்கும் அவசரம். கடைக்காரருக்கு அந்த அரைமணி நேரமே நாளின் பெரும்பொழுது. பகல் பன்னிரண்டு மணிக்கே சீட்டு வந்துவிட்டால், கூட்டமில்லாத வேளையில் கட்டி வைத்துவிடலாம். எங்கள் தெருக் கடைக்காரர் இதைத்தான் செய்கிறார். பைகளின் மேல் பெயர் எழுதுவதில்லை. “ஒரே பேரில் நாலு பேர் இருக்காங்க, பாப்பா” என்று கூறி, வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை எழுதுகிறார். எங்கள் வீட்டை அவர் எங்கள் பெயரைவிட அந்த எண்ணால்தான் நன்றாக அறிவார்.

அவர் மொபெட்டைப் பற்றி ஒரு சொல். மூட்டை, வாழைத்தார், எண்ணெய் டின், சில சமயம் அவர் மகனும் ஆக எல்லாவற்றையும் அது சுமக்கிறது. தள்ளுவண்டிக் கடையைக் கண்டுபிடித்த சாண்டர்ஸ் அதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

எல்லை ஊரில் சீட்டு எழுதுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. இங்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் தெருவில் கலந்து புழங்குகின்றன. எங்கள் பக்கத்து வீட்டில் கன்னடம் பேசுவார்கள். அவர்கள் வீட்டுச் சீட்டைப் பிள்ளைகள் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்புவார்கள். ஒரு நாள் ‘சொப்பு 2’ என்று எழுதியிருந்தார்கள். கன்னடத்தில் சொப்பு என்றால் கீரை. அன்று கடையில் புதிதாகச் சேர்ந்திருந்த அண்ணன் இரண்டு சோப்புக் கட்டிகளை எடுத்து வைத்துவிட்டார். கடைக்குள் நின்று கேட்டிருந்தால் ஒரு நொடியில் தீர்ந்திருக்கும். அன்றிரவு அவர்கள் வீட்டில் சாம்பாருக்குக் கீரை இல்லை. சிரிப்புக்குரிய நிகழ்ச்சிதான். ஆயினும் பாடம் இருக்கிறது: கண்ணால் பார்த்து எடுக்கும் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்தால் சொல் மிகத் தெளிவாக இருக்க வேண்டும்.

எனினும் இவ்வியாபாரத்தின் நெளிவு சுளிவுகளை நான் ஓசூரில் கற்கவில்லை. கிருஷ்ணகிரிக்கு அருகில், நெடுஞ்சாலையோரத்தில், என் பெரியம்மாவின் மாம்பழக் கடையில்தான் கற்றேன்.

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004ஆம் ஆண்டில் தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்டது. மாம்பழத்துக்குப் பேர்போனது. செந்தூரா, பீத்தர், பங்கனப்பள்ளி, அல்போன்சா, மல்கோவா, நீலம் ஆகியவை தின்பதற்கு. கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் கூறப்படும் தோத்தாபுரி பெரும்பாலும் மாம்பழக் கூழ் தயாரிக்கும் ஆலைகளுக்குச் செல்கிறது. ஆண்டுதோறும் கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சியும் நடைபெறும். பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாக வரும் நெடுஞ்சாலை இங்குதான் பிரிகிறது. ஒன்று வேலூர் வழியாகச் சென்னைக்கும், மற்றொன்று சேலம் வழியாகக் கன்னியாகுமரி வரையிலும் செல்கிறது. ஆகவே கோடை விடுமுறையில் சொந்த ஊருக்குச் செல்லும் பெங்களூர்த் தமிழர்களின் கார்கள் எல்லாம் இவ்வழியே வரும். சாலையோரத்தில் மாம்பழக் குவியலைக் கண்டால் கார் நிற்கும். பெரியம்மா பல ஆண்டுகளாக இப்படித்தான் வியாபாரம் செய்துவந்தார். சொந்தத் தோப்புக் கிடையாது. தோப்புக்காரர்களிடம் வாங்கி விற்பவர்.

2020 கோடையில் அந்தச் சாலையில் கார்கள் இல்லை. அவ்வாண்டு மே மாதத் தொடக்கத்தில் மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில், தமிழகத்திலேயே பச்சை மண்டலமாக இருந்த ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரிதான். அதில் எங்களுக்கெல்லாம் பெருமை. ஆனால் நோய் வராத ஊருக்கு வாடிக்கையாளரும் வரவில்லை! எல்லை தாண்ட இ-பாஸ் வேண்டும். மரத்தில் காய் முற்றுவது ஊரடங்குக்காகக் காத்திருக்குமா? அப்போது பெங்களூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கும் பழைய வாடிக்கையாளர் ஒருவர் பெரியம்மாவைத் தொலைபேசியில் அழைத்தார். அத்தியாவசியப் பொருள் ஏற்றும் லாரிகளுக்குத் தடையில்லை. தமக்குத் தெரிந்த லாரி ஓட்டுநர் இன்ன நாள் அவ்வழியே வருவார், பெட்டிகளைச் சாலையோரத்தில் தயாராக வைத்திருந்தால் எடுத்துக்கொள்வார் என்றார். லாரி நின்றது, பெட்டிகள் ஏறின, பணம் கூகுள் பேயில் வந்தது. அது பெரியம்மாவுக்கு முதல் ‘ஆர்டர்’. அடுத்த ஆண்டிலிருந்து கார்க்காரர்களே ஒரு நாள் முன்னதாக அழைக்கத் தொடங்கினர். பெரியம்மா ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார்.

ஆர்டர் சொல்பவரிடம் பெரியம்மா கேட்கும் முதல் கேள்வி எத்தனை கிலோ என்பதன்று. “எப்போ சாப்பிடப் போறீங்க?” என்பதே. இதன் காரணத்தை அறிவியல் பாடம் விளக்குகிறது. மாங்காய் பறித்த பின்னும் பழுக்கும் இயல்புடையது. முற்றிய காயிலிருந்து எத்திலீன் என்னும் வாயு உண்டாகிறது. அதுவே காயைப் பழுக்க வைக்கிறது. பெட்டியில் ஒரு பழம் பழுத்திருந்தால் அதன் வாயு அண்டைக் காய்களையும் விரைந்து பழுக்கச் செய்யும். எனவே இன்று மாலை சாப்பிடுபவருக்கு ஒரு பெட்டி, ஞாயிற்றுக்கிழமை சாப்பிடுபவருக்கு வேறொரு பெட்டி என்று கட்ட வேண்டும். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது, உடலுக்கும் கேடு. பெரியம்மா வைக்கோலில்தான் வைப்பார். வைக்கோல் அவசரப்படாது, ஆதலால் வாங்குபவரின் நாள் முன்னதாகத் தெரிந்தாக வேண்டும். கண்ணாடிக் கதவு போட்ட பெருங்கடையில் இக்கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

சென்ற மே மாத விடுமுறையில் நான் அங்கே பெட்டி கட்டினேன். ஒரு குடும்பத்தார் இரண்டு பெட்டி சொல்லியிருந்தனர். ஒன்று அன்றிரவே தம் வீட்டில் உண்பதற்கு. மற்றொன்று நான்கு நாள் கழித்து ஓர் உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு. நான் பெட்டிகளைக் கட்டிவிட்டு, மேலே ஒட்டும் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேன். அவர்கள் காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிப் பணம் அனுப்பியதைக் காட்டினார்கள். நான் பெட்டிகளைப் பின்னால் வைத்தேன். வண்டி போய்விட்டது. நான்கு நாள் கழித்து அந்த அம்மையார் அழைத்தார். அதட்டவில்லை. “எங்க வீட்டுப் பெட்டி புளிச்சுது, சரி. அங்கே கொண்டுபோன பெட்டியைத் திறந்தா கொழகொழன்னு இருந்துதும்மா, சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி” என்று மட்டும் கூறினார். பெரியம்மா பணத்தைத் திருப்பி அனுப்பினார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் கடைக்கு வந்து தாமே தொட்டுப் பார்த்து எடுத்திருந்தால் என் பிழை அங்கேயே வெளிப்பட்டிருக்கும். பாட்டி காலத்தில் பருப்பில் கல் இருந்தால் மறுநாள் சண்டை போடக் கடைக்காரர் தெருமுனையிலேயே இருந்தார். நெடுஞ்சாலையில் போகிறவர்கள் எங்கே வந்து சண்டை போடுவார்கள்? அவர்கள் வேறு கடையில் நிறுத்துவார்கள், அவ்வளவுதான்.

பழத்தைப் போலவே முக்கியமானது நிறுத்தும் இடம். பெரியம்மாவின் கடை முன்பு நெடுஞ்சாலையின் விளிம்பிலேயே இருந்தது. குவியலைக் கண்டதும் சிலர் திடீரென்று பிரேக் பிடிப்பார்கள். பின்னால் வரும் லாரி அலறும். இதை நான் ஒன்பதாம் வகுப்பில் படித்த இயக்கச் சமன்பாட்டை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 22 மீட்டர். பார்த்துப் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகுமானால் அதற்குள் 22 மீட்டர் போய்விடும். பிறகு நொடிக்கு நொடி 5 மீட்டர் வீதம் வேகம் குறைந்து நிற்பதாகக் கொண்டால் மேலும் 49 மீட்டர் ஆகும். மொத்தம் 71 மீட்டர். பெரியம்மாவின் குவியலோ ஒரு புளியமரத்துக்குப் பின்னால் இருந்தது. நான் நடந்து அளந்தபோது சுமார் முப்பதடி தூரம் வரை அது கண்ணிலேயே படவில்லை! அந்த மரத்தடியில் இத்தனை ஆண்டுகள் விபத்தில்லாமல் வியாபாரம் நடந்தது இறைவன் அருளென்றுதான் சொல்ல வேண்டும்.

பின்னர் அவ்விடத்தில் இரும்புத் தடுப்பு வைக்கப்பட்டது. பெரியம்மாவுக்கு வருத்தம், எனக்கும் அப்போது கோபம் வந்தது. கணக்குப் போட்ட பிறகு கோபம் தணிந்தது. நெடுஞ்சாலைக்குரிய நிலத்தில் அனுமதியின்றிக் கடை வைப்பதை 2002ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் ஒன்று தடுக்கிறது. மறுபுறம், சாலையோர வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைப் பாதுகாக்க 2014இல் ஒரு சட்டம் வந்தது. வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்று தரவும், இடம் ஒதுக்கவும், குழு அமைக்கவும் அது வழிசெய்கிறது. ஆனால் அது நகரங்களையும் பேரூர்களையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. ஓசூரில் பூ விற்பவருக்கு அதில் இடமுண்டு. ஊராட்சி எல்லையில், நெடுஞ்சாலை விளிம்பில், ஆண்டில் மூன்று மாதம் மட்டும் மாம்பழம் விற்கும் பெண்ணுக்கு எந்தக் குழு இடம் ஒதுக்கும்? பெருங்கடை கட்டுபவர்கள் வண்டி நிறுத்தும் இடத்தையும் சேர்த்தே விலைக்கு வாங்குகிறார்கள். வெளிநாட்டில் ‘சொல்லிவைத்தவர்க்கு மட்டும்’ என்று தரையில் வண்ணம் பூசிக் கட்டம் போட்டிருக்கிறார்களாம். அந்தக் கட்டம்தான் இவ்வியாபாரத்தின் உண்மையான முதல் என்று எனக்குப் படுகிறது. பழம் எங்கும் கிடைக்கும். அச்சமின்றி வண்டி நிறுத்தப் பத்தடி இடம் கிடைப்பதுதான் அரிது.

பெரியம்மாவுக்கு அந்த இடத்தைக் கொடுத்தவர் ஒரு தேநீர்க் கடைக்காரர். சர்வீஸ் ரோடில் அவருடைய கடைக்கு முன்னால் அவருக்குச் சொந்தமான காலி இடம் இருந்தது. வாடகை வேண்டாம், பழம் வாங்க நிற்பவர்கள் டீ குடித்தால் போதும் என்றார். இப்போது ஆர்டர் சொல்பவர்களுக்குப் பெரியம்மாவின் மகள், என் அக்கா, கைப்பேசியில் இருப்பிடக் குறியை அனுப்பிவிடுகிறாள். வண்டிகள் முன்னரே சர்வீஸ் ரோடில் இறங்கி, நிதானமாக வந்து நிற்கின்றன. திடீர்ப் பிரேக்குக்கு வேலையில்லை. ஆனால் ஒன்று: குவியலைக் கண்டு ஆசைப்பட்டு நிற்கும் வழிப்போக்கர்கள் ஏறத்தாழ இல்லாமலே போய்விட்டார்கள். தெரிந்தவர்கள் மட்டுமே வருகிறார்கள். நோட்டில் பெயர் இல்லாதவருக்குப் பெரியம்மா அங்கிருப்பதே தெரியாது.

அதுபோலவே, வாங்குவோரிலும் சிலர் இம்முறைக்கு வெளியே நின்றுவிடுகின்றனர். என் பாட்டிக்குக் கைப்பேசியில் சீட்டு அனுப்பத் தெரியாது, தெரிந்தாலும் அனுப்பமாட்டார். உழவர் சந்தைக்குக் காலையிலேயே நடந்து சென்று, வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கினால்தான் அவருக்கு வாங்கியதாகத் தோன்றும். உழவரும் வாங்குபவரும் நேருக்கு நேர் நிற்கட்டும் என்பதற்காகவே 1999இல் மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கப்பட்டது. ஓசூர்ச் சந்தையில் பாட்டியின் தோழிகளுக்குக் கணக்கில்லை. காய் வாங்கக் கால் மணி, பேச முக்கால் மணி. அப்பா வண்டியில் பையை மாட்டிக்கொண்டு வரும்போது மிச்சமாகும் நேரத்தில் இந்த முக்கால் மணியும் சேர்ந்துதான் போய்விடுகிறது என்பதை நான் பாட்டியிடம் சொல்லவில்லை, அவரே சொன்னார்.

கடனையும் மறக்கலாகாது. மாதக் கடைசியில் கடைக்குள் நேரில் நின்று, கூட்டம் குறைந்த பின் மெல்லிய குரலில் “அடுத்த வாரம் தரேன் அண்ணா” என்று அம்மா சொல்வதை நான் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். இப்போது அதைச் சீட்டின் அடியில் எழுதி அனுப்புகிறார். கடைக்காரர் கட்டை விரல் படம் ஒன்றை மறுமொழியாக அனுப்புகிறார். இது நல்லதா கெட்டதா என்று அம்மாவிடம் கேட்டேன். “முகத்தைப் பார்க்காம கேக்கறது சுலபம். ஆனா அவர் முகம் சுளிச்சாரா இல்லையான்னு தெரியலையே” என்றார்.

இறுதியாக ஒரு நிகழ்ச்சியைக் கூறி முடிக்கிறேன். சொல்லிவைத்துவிட்டு வராமல் இருப்பவர்களும் உண்டு. பெருங்கடையில் பணத்தை முன்னரே கட்டிவிட வேண்டும். பெரியம்மா முன்பணம் வாங்குவதில்லை. சென்ற ஜூன் முதல் வாரத்தில் ஒருவர் இருபது கிலோ பங்கனப்பள்ளி சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருவதாகக் கூறினார். அன்றே உண்பதற்கு ஏற்ற பதத்தில் வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். நான் முதல் நாள் இரவே ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தேன். இம்முறை சீட்டை மூன்று தடவை சரிபார்த்தேன். பத்து மணி ஆயிற்று; பன்னிரண்டு ஆயிற்று. அக்கா அழைத்தாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. நான் பெரியம்மாவிடம், “பெரிம்மா, பாதிப் பணமாவது முன்னாடியே வாங்கியிருக்கணும்” என்றேன். அவர் பெட்டியின் மேல் ஈரத்துணி போட்டுக்கொண்டே, “பழக்கம் இல்லாத ஆளுகிட்ட கேட்டா, ‘பழத்தைக் கண்ணுலகூடக் காட்டல, பணம் கேக்கறா’ன்னு நெனைப்பாங்க பாப்பா. அவங்க நம்மை நம்பணும்னா நாமதான் முன்னாடி நம்பணும்” என்றார். எனக்கு அது சரியான வியாபாரமாகத் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. அடுத்த பருவத்தில் புதியவர்களிடமாவது முன்பணம் வாங்க வேண்டும் என்று அக்காவும் நானும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். பெரியம்மா இன்னும் அதைப் படித்துப் பார்க்கவில்லை.

அந்த நான்கு பெட்டிகளும் மாலை வரை தேநீர்க் கடைத் திண்ணையில் இருந்தன. ஆறு மணிக்குப் பெரியம்மா அவற்றைப் பிரித்துக் கூறு கட்டி வைத்தார். பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் கையால் தொட்டு, முகர்ந்து பார்த்து, பேரம் பேசி வாங்கிச் சென்றனர். இருட்டுவதற்குள் தீர்ந்துவிட்டது.